இருபது குறைந்த பெட்டி

4471ஆம் எண் பெட்டி மூன்றாவது முறையாக ஸ்டோர் வாசலில் வந்து இறங்கியபோது சாவிக்காரருக்குச் சிரிப்பு வந்தது. ஒன்பதாவது முறை சிரிப்பு வரவில்லை. தொண்ணூற்றாறாவது முறை, அந்தத் திங்கட்கிழமை காலையில், அதைக் கண்டதும் உட்கார்ந்து அழுதுவிடலாமா என்றிருந்தது. ஆனால் ஸ்டோருக்கு நாலு பக்கமும் கண்ணாடிச் சுவர் வைத்துவிட்டார்கள். அழுதால் கம்பெனியே வேடிக்கை பார்க்கும்.

அதே பெட்டிதானா என்ற சந்தேகத்துக்கே இடமில்லை. வருகிற பெட்டி ஒவ்வொன்றின் மூலையிலும் நீல சாக்பீஸால் ஒரு கோடு போடுவது, ஸ்டோர் சாவிக்கொத்து கைக்கு வந்த இருபத்திரண்டு வருஷமாக அவருக்கு வழக்கம். வந்தது, வாங்கினேன் என்று அர்த்தம். ஒரு பெட்டி ஒரு தடவைதான் வரும் என்பதால் எந்தப் பெட்டிக்கும் இரண்டாவது கோடு தேவைப்பட்டதில்லை. இந்தப் பெட்டியிலோ மூலையில் தொடங்கிய கோடுகள் பக்கவாட்டில் ஓடி, திரும்பி, பின்பக்கம் முழுக்க வேலி அடைத்தாற்போல நின்றன. புதுக் கோட்டுக்கு இடம் தேடவே கொஞ்ச நேரம் பிடித்தது.

பெட்டிக்குள் இருந்தவை சென்சார்கள். குறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகளைக் கதகதப்பாக வைத்திருக்கும் மின்சாரத் தொட்டில்களைச் செய்கிற கம்பெனி அது. தொட்டிலின் சூடு கூடாமலும் குறையாமலும் காவல் காப்பது, ஒயரின் நுனியில் கட்டைவிரல் நகம் அளவுக்கு உட்கார்ந்திருக்கும் அந்தச் சென்சார்தான். ஒரு தொட்டிலுக்கு இரண்டு வேண்டும். அவை இல்லாவிட்டால் தொட்டில் வெறும் கண்ணாடிக் கூண்டு.

தகராறு இதுதான். சென்சார் செய்கிறவர்கள் அதைத் தட்டுக்கு நாற்பதாக அடுக்கி, பெட்டிக்குப் பன்னிரண்டு தட்டு வைத்து அனுப்புவார்கள். ஆக நானூற்று எண்பது. தொட்டில் கம்பெனியோ என்றைக்கும் ஐந்நூறு என்றுதான் ஆர்டர் எழுதும். ஐந்நூறு என்றால் சொல்ல வாய்க்கு நன்றாக இருக்கிறது என்று ஆதியில் யாரோ நினைத்திருக்க வேண்டும். முழுத் தட்டுகளாக எப்படி அடுக்கினாலும் ஐந்நூறு வராது. சாவிக்காரர் இருபத்திரண்டு வருஷமாக நானூற்று எண்பதை வாங்கிக்கொண்டு, ஐந்நூறு என்று எழுதி, ஓரத்தில் பென்சிலால் ‘இருபது அப்புறம்’ என்று குறித்துவந்தார். அந்த இருபதை யாரும் கேட்டதில்லை, அப்புறம் என்பதும் வந்ததில்லை. தொட்டில்கள் மட்டும் ஒழுங்காக ஆஸ்பத்திரிகளுக்குப் போய்க்கொண்டிருந்தன.

பிறகு ஒளிச்சங்கிலி வந்தது.

ஒளிச்சங்கிலி என்பது இணையத்தில் ஓடும் மென்பொருள். எந்தப் பொருள் எங்கே கிளம்பியது, எங்கே நிற்கிறது, எப்போது வரும் என்று அத்தனையும் ‘போர்ட்டல்’ என்ற தன் திரையில் காட்டும். அதற்குப் பென்சில் பிடிக்க மட்டும் தெரியாது. ஐந்நூறு கேட்டு நானூற்று எண்பது வந்தால் ‘ஏற்கப்படவில்லை’ என்று சிவப்பில் எழுதி, அன்றைக்கே திருப்பி அனுப்பச் சொல்லும். சென்சார் கம்பெனியிலும் அதே மென்பொருள்தான். திரும்பி வந்த பெட்டியைப் பார்த்து, ‘ஆர்டர் நிலுவை’ என்று அது மறுநாள் காலை வண்டியில் ஏற்றிவிடும். இப்படியே நாலு மாதம்.

தொடக்க விழாவில் எம்.டி. பேசியது சாவிக்காரருக்கு வரிக்கு வரி ஞாபகம் இருந்தது.

“போன வருஷம் வரைக்கும் நாம தொட்டில் செய்யற கம்பெனி. தொட்டில் யார் வேணா செய்யலாம். நம்ம முதலீட்டாளர்கள் தொட்டிலப் பார்த்ததில்ல, பார்க்க ஆசைப்பட்டதும் இல்ல. அவங்களுக்கு வேண்டியது அசைவு. ஒரு பொருள் உள்ள வந்தா ஒரு அசைவு, வெளிய போனா ஒரு அசைவு. இன்னையிலேருந்து நாம அசைவு செய்யற கம்பெனி. இனிமே எல்லாக் கதவும் தானாத் திறக்கும், தானா மூடும். இந்தக் கம்பெனியில சாவிக்கு வேலையே கிடையாது!”

எல்லோரும் சாவிக்காரரைத் திரும்பிப் பார்த்துக் கைதட்டினார்கள். தட்டாமல் இருந்தால் நன்றாக இருக்காது என்று அவரும் தட்டினார். சாவிக்கொத்தை மட்டும் யாரும் திருப்பி வாங்கவில்லை. மின்சாரம் போனால் ஸ்டோரின் கண்ணாடிக் கதவு பாதுகாப்புக்காகத் தானே இறுகிக்கொள்ளும். அப்போது உள்ளிருந்தோ வெளியிலிருந்தோ திறக்க ஒரு சாவித்துளை இருந்தாக வேண்டும் என்று தீயணைப்புத் துறை எழுதியிருந்தது. ஒன்பது சாவிகளும் இரும்பு வளையமும் அவர் இடுப்பிலேயே தொங்கின.

எம்.டி. சொன்னபடியே நடந்தது. 4471 மட்டுமல்ல, திருகாணிப் பெட்டி, ஒயர் சுருள், ஜெனரேட்டருக்கு வருகிற டீசல் பீப்பாய் எல்லாமே சுற்ற ஆரம்பித்தன. டீசல் இருநூறு லிட்டர் கேட்டால் நூற்றுத் தொண்ணூற்றெட்டுதான் வரும். கம்பெனியின் அசைவு ஏழு மடங்கானது. பங்கு விலை படியேறியது. கேன்டீன் சுவரில் ஆளுயரத் திரை ஒன்றை மாட்டி, மதியம் ஒரு மணிக்கு அன்றைய விலையைக் காட்டினார்கள். அந்த நேரத்தில் எல்லோரும் சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு எழுந்து நின்று கைதட்ட வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. யாரோ ஒரு முதலீட்டாளர் தப்பித்தவறி, “தொட்டில் விற்பனை எப்படி இருக்கிறது?” என்று கடிதத்தில் கேட்டுவிட்டார். “விற்பனை என்பது அசைவின் முடிவு. எங்கள் நிறுவனம் முடிவை நம்புவதில்லை” என்று எம்.டி. பதில் எழுதினார். அந்தப் பதிலுக்கே பங்கு விலை இன்னும் ஒரு படி ஏறியது.

அந்த நாலு மாதத்தில் வெளியே போன தொட்டில் ஒன்றுகூட இல்லை.

அன்று மாலை சாவிக்காரர் மகளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். அவளுக்கு ஏழு மாதம் முடிந்து எட்டாவது நடந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளைக்குக் கப்பலில் வேலை, வர இன்னும் ஆறு வாரம் ஆகும். டாக்டரம்மா சோதித்துப் பார்த்துவிட்டு, மகளை வெளியே உட்காரச் சொல்லி இவரை மட்டும் உள்ளே கூப்பிட்டார்.

“நாள் வரைக்கும் தாங்காதுங்க. இந்த வாரமே வலி வந்துடலாம். குழந்தை ஒன்றரைக் கிலோ இருந்தா பெரிசு.”

“வந்துட்டா என்னம்மா பண்றது?”

“பிறந்த நிமிஷத்துலேருந்து வார்மர்ல, அதான் அந்தக் கரன்ட் தொட்டில்ல, வைக்கணும். இங்க இருக்கறது ரெண்டு. ரெண்டுலயும் பிள்ளைங்க இருக்கு. ஆறு கேட்டு நாலு மாசமாச்சு. எவனோ ஒரு கம்பெனிக்காரன், கேட்டா ‘நகர்ந்துகிட்டிருக்கு, நகர்ந்துகிட்டிருக்கு’ன்னு மெசேஜ் அனுப்பறான். கைல கிடைச்சா நாலு வார்த்தை கேப்பேன்.”

சாவிக்காரர் சட்டைப் பையில் கம்பெனி முத்திரை போட்ட பேனா இருந்தது. அதை மெல்ல உள்ளே தள்ளிக்கொண்டார்.

வீடு திரும்பும் வழியெல்லாம் அவர் கணக்குப் போட்டார். அந்த ஆறு தொட்டிலையும் அவருக்குத் தெரியும். அசெம்பிளியில் வரிசையாக நிற்கின்றன. எல்லாம் பொருத்தியாகிவிட்டது. ஆறு தொட்டிலுக்குப் பன்னிரண்டு சென்சார் வேண்டும், அவ்வளவுதான். ஸ்டோரிலிருந்து அசெம்பிளி முன்னூறு அடி தூரம்.

மறுநாள் காலையில் அவர் சென்சார் கம்பெனியின் ஸ்டோருக்குப் போன் போட்டார். அங்கே இருப்பவரும் இவர் மாதிரியே பழைய ஆள்.

“இருபது உதிரியா போட்டு அனுப்ப முடியுமாப்பா?”

“தட்ட மெஷின் ஒட்டிடுது அண்ணா, பிரிக்க முடியாது. இன்னொண்ணு சொல்றேன், நான் சொன்னதா வெளிய சொல்லாதீங்க. உங்க பெட்டியால எங்க முதலாளிக்கு விருது குடுத்திருக்காங்க. ‘இடைவிடாத விநியோகம்’னு. தொட்டுக் கெடுத்துடாதீங்க.”

வேறு வழியில்லாமல் எம்.டி.யின் அறைக்குப் போனார். உள்ளே முதலீட்டாளர் உறவு அதிகாரியும் இருந்தார். மாப்பிள்ளை வீட்டாரின் முகம் கோணாமல் பார்த்துக்கொள்வதுபோல முதலீட்டாளர்களின் முகம் கோணாமல் பார்த்துக்கொள்வதால் அவருக்குத் தொழிலாளர்கள் வைத்த பெயர் சம்பந்தியம்மா.

“சார், சென்சார் ஆர்டர்ல ஐந்நூறுங்கறத நானூற்று எண்பதுன்னு மாத்திட்டா, பெட்டிய வாங்கிப் பிரிச்சுடலாம்” என்றார் சாவிக்காரர்.

சம்பந்தியம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை. “இருபது குறைக்கச் சொல்றீங்களா? தேவை நாலு சதவீதம் சரிவுன்னு அந்த நிமிஷமே உலகம் பூராத் திரையில வரும். வெள்ளிக்கிழமை முதலீட்டாளர் ஏழு பேர் நேர்ல வர்றாங்க. யாருக்காவது நெஞ்சு வலி வந்தா நீங்க பொறுப்பா?”

“அப்ப ஐந்நூற்று இருபது ஆக்கிடுங்கம்மா. பதிமூணு தட்டு. சரியா வரும்.”

“அது வளர்ச்சி. வளர்ச்சிய ஸ்டோர் வாசல்ல நின்னு சொல்ல முடியாது. காலாண்டுக் கூட்டத்துலதான் அறிவிக்கணும். இன்னும் அறுபத்தெட்டு நாள் இருக்கு.”

“அதுவரைக்கும் ஒரு பன்னிரண்டு மட்டும் நானே கையால எடுத்துட்டுப் போய்க் குடுத்துடறேனே?”

எம்.டி. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“கையாலயா?”

“ஆமா சார்.”

“ஒளிச்சங்கிலிக்குத் தெரியாம ஒரு பொருள் ஒரு அடி நகர்ந்தாலும் அதுக்குப் பேரு திருட்டு. விதி பதினாலு. வேலை போறது மட்டும் இல்ல, போலீஸ் வரும். இருபத்திரண்டு வருஷம் நல்ல பேர் எடுத்திருக்கீங்க.”

“ஆஸ்பத்திரியில ஆறு தொட்டில் கேட்டுக் காத்துக்கிட்டு இருக்காங்க சார்.”

“தெரியும். அந்தக் காத்திருப்பத்தான் நாங்க ஆண்டறிக்கையில முதல் பக்கத்துல போட்டிருக்கோம். காத்திருக்கறாங்கன்னாத்தானே தேவை இருக்குன்னு அர்த்தம்? குடுத்துட்டா அந்தத் தேவை தீர்ந்துடுமே.”

சாவிக்காரர் மேசைக்குப் பக்கத்தில் வந்தார். “என் பொண்ணுக்கே இந்த வாரம் பிரசவம் ஆகிடும்னு சொல்லிட்டாங்க சார். நாளுக்கு முன்னாடியே.”

“நாளுக்கு முன்னாடியே டெலிவரியா?” என்று சம்பந்தியம்மா மனம் நெகிழ்ந்து கேட்டார். “நம்ம சப்ளையர் ஒருத்தராலயும் அது முடியல. வாழ்த்துகள்.”

சாவிக்காரர் வெளியே வந்து நடைபாதைச் சுவரில் சாய்ந்து நின்றார். தன் கையை விரித்துப் பார்த்தார். இந்த இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு குண்டூசியைக்கூட வீட்டுக்கு எடுத்துப்போகாத கை அது.

புதன்கிழமை பெட்டியை ஏற்றும்போது வேன் டிரைவர் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். காலையில் 4471ஐக் கொண்டுவந்து இறக்கி, மதியம் ஏற்றிப்போய் விட்டுவிட்டு, நாலு மணிக்கு வந்து கம்பெனியின் கழிவுகளை அள்ளிப்போவது அவர் வேலை.

“சென்சார நீங்க எப்படியோ மாட்டிட்டாலும் தொட்டில் கேட்டத் தாண்டாது சார். போர்ட்டல்ல சென்சார் வரலன்னா தொட்டில் இன்னும் செய்யவே இல்லன்னு அர்த்தம். செய்யாத தொட்டிலுக்கு எவன் கேட்டத் திறப்பான்?”

“அது எனக்குத் தெரியாதா?”

டிரைவர் கயிற்றை இறுக்கிக்கொண்டே சொன்னார்: “இந்தக் கம்பெனியில குப்பைக்கு மட்டும்தான் போர்ட்டல் கிடையாது. என் வண்டியில ‘கழிவு’ன்னு ஒரு சீட்டு ஒட்டியிருந்தா செக்யூரிட்டி திரும்பிக்கூடப் பார்க்கமாட்டான். சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்றேன்.”

வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு மனைவியிடமிருந்து போன் வந்தது. “வலி வந்துடுச்சுங்க. ஆஸ்பத்திரியில சேர்த்துட்டோம். சாயங்காலத்துக்குள்ள ஆகிடுமாம். வார்மர் இன்னும் காலி ஆகல. டாக்டரம்மா வேற ஊருக்கெல்லாம் போன் போட்டுக்கிட்டு இருக்காங்க. நீங்க எப்ப வர்றீங்க?”

“வர்றேன்” என்றார். வெறுங்கையோடு போய் அங்கே என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

எதிரே 4471 உட்கார்ந்திருந்தது, தொண்ணூற்றொன்பது கோடுகளோடு. நாலு பக்கமும் கண்ணாடி. வெளியே ஆட்கள் போவதும் வருவதுமாக இருந்தார்கள். கடிகாரம் நகரவே இல்லை. கம்பெனியில் அசையாமல் இருந்தது அது ஒன்றுதான்.

ஒரு மணி அடித்தது. எல்லோரும் பங்கு விலை பார்க்கக் கேன்டீனுக்குப் போனார்கள். முதல் கைதட்டல் கேட்டதும் சாவிக்காரர் பெட்டியைக் கவிழ்த்தார்.

ஒளிச்சங்கிலியின் ஸ்கேனர் பெட்டியின் மேல்பக்க முத்திரையை மட்டும்தான் பார்க்கும். அடிப்பக்கம் என்று ஒன்று இருப்பதை அதற்கு யாரும் சொல்லித்தரவில்லை. மேசை டிராயரிலிருந்து கத்தியை எடுத்து, கையால் கிழிக்க முடியாத அடி டேப்பைக் கீறினார். நெற்றி வியர்வை அட்டையில் சொட்டியது. கடைசித் தட்டிலிருந்து பன்னிரண்டு சென்சார்களை ஒயரோடு உருவி, காலி செய்த சாப்பாட்டு டப்பாவில் போட்டார். கேட்டில் இருக்கும் எடை மெஷின் ஐந்து கிராம் குறைந்தாலும் ஊளையிடும். ஸ்டோர் தராசில் வைத்துப் பார்த்தார். பெட்டியில் நூற்றுத் தொண்ணூறு கிராம் குறைந்தது.

சுற்றுமுற்றும் பார்த்தார். ஸ்டோரில் உள்ள எந்தப் பொருளை எடுத்துப் போட்டாலும் போர்ட்டலில் அது குறையும். போர்ட்டலில் பதியாத ஒன்று வேண்டும். கத்தியை டிராயரில் வைத்துப் பூட்டியபோது கையில் சாவிக்கொத்து கிலுங்கியது.

இதற்குத்தான் வேலையே கிடையாது என்று எம்.டி. சொல்லிவிட்டாரே என்று நினைத்துக்கொண்டார். கொத்தை உள்ளே போட்டபிறகு இன்னும் பதினோரு கிராம்தான் குறைந்தது. சட்டைப் பையிலிருந்து வீட்டுச் சாவியையும் போட்டார். எடை சரியாக நின்றது.

அடுத்த கைதட்டல் ஓய்வதற்குள் டேப் ஒட்டியாகிவிட்டது.

முன்னூறு அடி. டப்பாவோடு நடந்தார். பாதி வழியில், கேன்டீனிலிருந்து வந்த எம்.டி. எதிர்ப்பட்டார்.

“என்ன, விலையப் பார்க்க வரலையா?”

“சாப்பாடு இன்னும் ஆகல சார். அசெம்பிளிப் பக்கம் காத்தாட உட்கார்ந்து சாப்பிடலாம்னு…”

எம்.டி. டப்பாவையே பார்த்தார். சாவிக்காரர் மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

“வீட்டுச் சாப்பாடா?”

“ஆமா சார்.”

“தினம் இருநூறு டப்பா உள்ள வருது, வெளிய போகுது. நானூறு அசைவு. நாம கணக்குலயே எடுத்துக்கல பாருங்க!” என்று நெற்றியில் தட்டிக்கொண்டு, சம்பந்தியம்மாவுக்குப் போன் போட்டபடியே போய்விட்டார்.

அசெம்பிளி சூப்பர்வைசர் இரண்டு பிள்ளைகளைக் குறைமாதத்தில் பெற்றெடுத்தவர். டப்பாவைத் திறந்து பார்த்தார், சாவிக்காரரைப் பார்த்தார், திருப்புளியைக் கையில் எடுத்தார்.

“மாட்ட கால் மணி நேரம் போதும் அண்ணா. ஆனா சோதிக்காம அனுப்பமாட்டேன். ரெண்டு மணி நேரம் சூடு ஏத்தி நிறுத்திப் பார்க்கணும். பச்சப் புள்ளைங்க விஷயம்.”

“பாரும்மா. நல்லாப் பாரு.”

இரண்டு மணிக்கு டிரைவர் 4471ஐக் கேட்டுக்கு ஓட்டிப்போனார். எடை மெஷின்மேல் பெட்டி ஏறியது. மஞ்சள் விளக்கு எரிந்தது, எரிந்துகொண்டே இருந்தது. சாவிக்காரர் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தார். பெட்டிக்குள் சாவிகள் ஒருமுறை புரண்டிருக்க வேண்டும், செக்யூரிட்டி காதைச் சாய்த்தார். பச்சை எரிந்தது. ஓர் அசைவு ஏறியது.

நாலு மணிக்கு ஆறு தொட்டில்களும் ‘கழிவு’ வண்டியில் ஏறின. ஒவ்வொன்றிலும் சூப்பர்வைசர் கையெழுத்துப் போட்ட சோதனைச் சீட்டு இருந்தது. அதற்கு மேல் பெரிதாக, சிவப்பு எழுத்தில், ‘கழிவு. உபயோகம் இல்லாதது. திரும்பப் பெறப்பட மாட்டாது’ என்று ஒரு சீட்டு. செக்யூரிட்டி போனில் பங்கு விலையைப் பார்த்துக்கொண்டே கேட்டைத் திறந்தார். டிரைவர் பழைய இரும்புக் கடைக்குத் திரும்பும் சாலையில் திரும்பவில்லை. பக்கத்து சீட்டில் சாவிக்காரர், மடியில் காலி டப்பாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஆறேகால் மணிக்குக் குழந்தை பிறந்தது. பெண். ஆஸ்பத்திரித் தராசில் வைத்தபோது சாவிக்காரர் தன்னையறியாமல் பச்சை விளக்கைத் தேடினார். அது சாதாரணத் தராசு. ஒரு கிலோ முன்னூற்றெண்பது என்று காட்டியது, குறைகிறது என்று யாரும் திருப்பி அனுப்பவில்லை. குழந்தையை அள்ளிக்கொண்டுபோய் முதல் தொட்டிலில் வைத்தார்கள். டாக்டரம்மா சீட்டைப் படித்தார், கீழே இருந்த சோதனைச் சீட்டையும் படித்தார், இவரைப் பார்த்தார். மற்ற ஐந்தையும் உள்ளே தள்ளச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை சாவிக்காரர் லீவு. கம்பெனியில் 4471 நூறாவது முறை வருகிற விழா. பதினொன்றரை மணிக்குப் போன் அடித்தது. எடுத்தால் எம்.டி., அதுவும் கிசுகிசு குரலில்.

“சாவி எங்கய்யா?”

சாவிக்காரர் எழுந்து நின்றார். “ஏன் சார்?”

“கரன்ட் போயிடுச்சு. முதலீட்டாளர் ஏழு பேரோட நான் ஸ்டோருக்குள்ள மாட்டிக்கிட்டேன். கதவு இறுகிடுச்சு. வெயில் நேரா அடிக்குது.”

“ஜெனரேட்டர் சார்?”

“டீசல் நகர்ந்துகிட்டிருக்கு. சாவி எங்கன்னு சொல்லுய்யா!”

அவர் கண்ணாடி வழியாகப் பேத்தியைப் பார்த்தார். அவள் முஷ்டியை மூடிக்கொண்டு தூங்கினாள். இனிமேல் என்ன வந்தாலும் வரட்டும் என்று தோன்றியது.

“உங்க எதிர்லயேதான் இருக்கு சார். 4471க்குள்ள.”

பிறகு எம்.டி. யாரிடமோ பேசுவது கேட்டது, பல குரல்கள் ஒரே நேரத்தில் கேட்டன. மறுபடி கிசுகிசு.

“பெட்டியத் திறந்தா வாங்கிட்டதா ஆகிடும். அசைவு நின்னுடும்.”

“அவங்க என்ன சார் சொல்றாங்க?”

“ஓட்டுக்கு விட்டேன். திறக்க வேணாம்னு ஆறு பேர் கை தூக்கினாங்க. ஏழாவது ஆள் மயக்கம் போட்டுட்டாரு, அவர் கருத்து தெரியல.”

“சார், அடிப்பக்கமா அறுங்க. அடிய போர்ட்டல் பார்க்காது.”

“அது உனக்கு எப்படித் தெரியும்?” என்று எம்.டி. கேட்டார். கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்கவில்லை. “கத்தி எங்க?”

“மேசை டிராயர்ல சார்.”

“டிராயர் பூட்டியிருக்கே!”

“சாவி கொத்துலதான் சார் இருக்கு.”

போன் கட்டாகிவிட்டது.

மீதியைச் சாயங்காலம் டிரைவர் வந்து சொன்னார். இரண்டேமுக்கால் மணி நேரம் கழித்து மின்சாரம் வந்ததாம். எட்டுப் பேரும் சட்டையெல்லாம் தொப்பலாக வெளியே வந்தார்களாம். ‘விநியோகச் சங்கிலியோடு முதலீட்டாளர்களின் மிக நெருக்கமான சந்திப்பு’ என்று சம்பந்தியம்மா உடனே அறிக்கை விட்டாராம். பெட்டியில் இருந்த நீலக் கோடுகள் என்ன என்று ஒரு முதலீட்டாளர் கேட்டதற்கு, அது கம்பெனியின் சொந்தக் கண்டுபிடிப்பு என்று எம்.டி. சொன்னாராம். பங்கு விலை வழக்கம்போல ஏறிவிட்டதாம்.

“என்னப் பத்தி ஏதாவது…?”

“மேடம் ஒரு காகிதம் போட்டிருக்காங்க சார். 4471 திறக்கப்படவில்லை, ஆகவே அதிலிருந்து எதுவும் எடுக்கப்படவில்லை, ஆகவே அதில் எதுவும் வைக்கப்படவில்லைன்னு. உங்கள வேலைய விட்டு எடுத்தா பெட்டியத் திறந்தத ஒத்துக்கணுமே? இப்பத்தான் நூத்தியோராவது நடைக்கு அனுப்பி வெச்சுட்டு வர்றேன்.”

மனைவி எட்டிப் பார்த்தார். “வீட்டுச் சாவி உங்ககிட்டதானே இருக்கு? துணி எடுத்துட்டு வரணும்.”

“நகர்ந்துகிட்டிருக்கு” என்று சாவிக்காரர் வாய் தவறிச் சொன்னார். பிறகு, “பூட்ட உடைச்சுக்கலாம் விடு” என்றார்.

நர்ஸ் தொட்டிலைத் துடைத்துக்கொண்டிருந்தார். “ஐயா, இதுல கழிவுன்னு என்னமோ ஒட்டியிருக்கே. நல்லாவா இருக்கு, புள்ள படுத்திருக்கற இடத்துல? கிழிச்சுடட்டுமா?”

“வேணாம்மா. அது இருக்கட்டும். அது இருக்கற வரைக்கும் யாரும் இதத் தேடிக்கிட்டு வரமாட்டாங்க.”

நர்ஸ் போனபிறகு அவர் தொட்டிலின் பக்கத்தில் குனிந்தார். சூடு காட்டும் எண் கூடாமல் குறையாமல் நின்றது. சட்டைப் பையைத் துழாவி ஒரு நீல சாக்பீஸ் துண்டை எடுத்தார். தொட்டில் காலின் ஓரத்தில், யார் கண்ணிலும் படாத இடத்தில், ஒரே ஒரு கோடு போட்டார்.

வந்தது. வாங்கிக்கொண்டேன்.